தோள்பட்டை ஆபரேஷன் முடிஞ்சாச்சு... கை எப்போ பழையபடி தூக்க வரும்? வாரம் வாரமாக முழு விளக்கம்

ஆபரேஷன் முடிந்து ஆறாவது வாரம். ஸ்லிங் கழற்றியாச்சு, வலியும் கிட்டத்தட்ட இல்லை. 'இனி பிரச்சனை இல்லப்பா' என்று டவுன் பஸ்ஸில் ஏறி நிற்கிறார் ஒரு இளைஞர். டிரைவர் சடன் பிரேக் போடுகிறார். விழாமல் இருக்க, கை தானாகவே மேலே இருக்கும் கம்பியை எட்டிப் பிடிக்கிறது.

அந்த ஒரு நொடிதான் தோள்பட்டை மருத்துவர்கள் பயப்படும் நொடி. கை மேலே தூக்கி, வெளிப்பக்கம் திரும்பி, பின்னால் இழுபடும் அந்த நிலையில்தான் தோள் மூட்டு முன்பக்கமாக நழுவும். ஆபரேஷனில் தைத்த இடத்தின் மீது அதிக இழுப்பு விழுவதும் அதே நிலையில்தான்.

கபடி, கிரிக்கெட், வாலிபால், பைக் விபத்து, ஜிம் என ஏதோ ஒரு காரணத்தால் தோள் மூட்டு அடிக்கடி கழன்று, அதற்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: 'கை பழையபடி எப்போ தூக்க வரும்?' அதற்கான பதிலை, ஏன் அவ்வளவு நாள் ஆகிறது என்ற காரணத்தோடு பார்க்கலாம்.

தோள் மூட்டு ஏன் இவ்வளவு சுலபமா கழலுது?

உடம்பிலேயே அதிகமாக அசையக்கூடிய பெரிய மூட்டு தோள்பட்டைதான். அந்த சுதந்திரத்துக்குக் கொடுக்கும் விலைதான் இந்தக் கழலும் பிரச்சனை.

இடுப்பு மூட்டில் ஆழமான கிண்ணத்துக்குள் பந்து உட்கார்ந்திருக்கும். தோளில் அப்படி இல்லை. சின்ன சாஸர் மேல் பெரிய பந்தை வைத்தது போல இருக்கும். மேல்கை எலும்பின் உருண்டை பெரியது, அதைத் தாங்கும் குழி சின்னது, ஆழமும் குறைவு. எந்த நேரத்திலும் அந்த உருண்டையின் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் குழியைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

பிறகு எப்படி நிற்கிறது? குழியின் ஓரத்தைச் சுற்றி ரப்பர் வாஷர் மாதிரி ஒரு திசு விளிம்பு இருக்கிறது. அதன் பெயர் லேப்ரம். அது குழியைக் கொஞ்சம் ஆழமாக்கித் தரும். அதோடு மூட்டைச் சுற்றியுள்ள உறை, தசைநார்கள், ரொட்டேட்டர் கஃப் என்ற நான்கு தசைகள் எல்லாம் சேர்ந்துதான் பந்தை இடத்தில் பிடித்து வைக்கின்றன.

ஒருமுறை கழன்றால் மறுபடி மறுபடி ஏன்?

தோள் கழலும் சம்பவங்களில் பெரும்பாலானவை முன்பக்கமாகவே நடக்கின்றன. உருண்டை முன்னால் பாயும்போது லேப்ரத்தின் முன்-கீழ் பகுதியை எலும்பிலிருந்து பிய்த்துவிடுகிறது. இந்தக் காயத்துக்கு பேங்கார்ட் காயம் என்று பெயர். 1923-ல் இதை விவரித்து எழுதிய இங்கிலாந்து அறுவை சிகிச்சை நிபுணர் ஆர்தர் சிட்னி ப்ளண்டெல் பேங்கார்ட்டின் பெயர்தான் இன்றுவரை நிற்கிறது.

பிய்ந்த விளிம்பு பெரும்பாலும் பழைய இடத்தில் சரியாக ஒட்டாது. சாஸரின் ஒரு பக்க விளிம்பு உடைந்த கதைதான். அடுத்த முறை கழல பெரிய அடி தேவையில்லை. சட்டை போடும்போது, தூக்கத்தில் புரண்டு படுக்கும்போது கூட சிலருக்கு 'இறங்கிடும்'.

இதில் வயது முக்கியம். 20 வயதுக்கு உட்பட்ட, விளையாட்டில் இருக்கும் ஆண்களுக்கு முதல்முறை கழன்ற பிறகு மறுபடி கழலும் வாய்ப்பு மிக அதிகம். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு அது குறைவு. ஆனால் அவர்களுக்கு தசைநார் கிழியும் அபாயமும், மூட்டு இறுகிப்போகும் அபாயமும் கூடுதல்.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

பரவலாகச் செய்யப்படுவது பேங்கார்ட் ரிப்பேர். சின்னத் துளைகள் வழியாக கேமராவை விட்டு, குழியின் ஓரத்தில் சில மில்லிமீட்டர் அளவுள்ள ஆங்கர்களைப் பதித்து, அவற்றிலிருந்து வரும் நூலால் லேப்ரத்தை எலும்போடு சேர்த்துக் கட்டுவார்கள். தொளதொளவென்று ஆகிவிட்ட மூட்டு உறையையும் கொஞ்சம் இழுத்து இறுக்குவார்கள்.

பலமுறை கழன்று கழன்று குழியின் எலும்பே தேய்ந்திருந்தால் இது போதாது. அப்போது லட்டார்ஜே என்ற முறை. 1954-ல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் மிஷெல் லட்டார்ஜேயின் பெயரால் அழைக்கப்படுகிறது. தோள்பட்டையின் முன்னால் இருக்கும் கோரக்காய்டு என்ற எலும்பின் ஒரு துண்டை, அதில் ஒட்டியிருக்கும் தசைநாரோடு வெட்டி எடுத்து, தேய்ந்த குழியின் ஓரத்தில் ஸ்க்ரூ போட்டுப் பொருத்துவார்கள்.

தனக்கு நடந்தது எந்த ஆபரேஷன் என்று நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் பயிற்சி முறை வேறு. உதாரணமாக, லட்டார்ஜே செய்தவர்களுக்கு இடம் மாற்றிய எலும்பில் பைசெப்ஸ் தசையின் ஒரு முனை ஒட்டியிருக்கும். அதனால் ஆரம்ப வாரங்களில் முழங்கையை மடக்கி எடை தூக்குவது கூடவே கூடாது. ஒரு குடம் தண்ணீர் கூட அந்தக் கணக்கில் வரும்.

சிலருக்கு மூட்டு பின்பக்கமாகக் கழலும். அவர்களுக்குப் பின்பக்கம் தைத்திருப்பார்கள். அங்கே விதிகள் கிட்டத்தட்ட தலைகீழ். கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோவதும், எதையாவது தள்ளுவதும்தான் அவர்களுக்கு ஆபத்து. நண்பருக்குக் கொடுத்த எக்ஸர்சைஸ் பேப்பரையோ யூடியூப் வீடியோவையோ பார்த்து அப்படியே செய்யக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

வலி போயிடுச்சுன்னா குணமாயிடுச்சா?

இல்லை. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

தையல் போட்ட பிறகு உடம்பு மூன்று கட்டமாக வேலை செய்கிறது. முதல் சில நாட்கள் வீக்கமும் வலியும். அடுத்த சில வாரங்களில் புதிய திசு உருவாகும். ஆனால் அது அப்போதுதான் பூசிய சிமெண்ட் மாதிரி, பார்க்கக் கெட்டியாகத் தெரியும், பாரம் தாங்காது. அது முறுக்கேறி பலமாக மாறும் மூன்றாவது கட்டம் மாதக்கணக்கில் நடக்கும்.

வலியோ முதல் சில வாரங்களிலேயே நன்றாகக் குறைந்துவிடும். ஆக, வலி குறைந்த நாளுக்கும் திசு உறுதியாகும் நாளுக்கும் நடுவில் பல வாரங்கள் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் லேப்ரத்தை எலும்போடு பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் அந்த நூலும் ஆங்கரும்தான். 'எனக்கு ஒண்ணும் வலிக்கலையே' என்று கையை வீசினால், நூல் தாங்கும் அளவுக்கு மேல் இழுப்பு விழலாம். பெரிய வலி இல்லாமலேயே தைத்த இடம் தளர்ந்துபோக வாய்ப்புண்டு.

அப்போ அசைக்காமலே இருந்தா சேஃப் தானே?

அதுவும் தப்பு. அசையாத மூட்டின் உறை சுருங்கும், ஒட்டும், தடிக்கும். கை பக்கவாட்டில் போகாது, பின்னால் போகாது. பயத்தில் மூன்று மாதம் ஸ்லிங்கிலேயே இருந்தவருக்கு, அதன் பிறகு இறுகிய மூட்டை விடுவிக்கவே பல மாதங்கள் ஆகிவிடும்.

'இறுக்கமா இருந்தா கழலாதே, நல்லதுதானே?' என்ற எண்ணம் மருத்துவத்திலேயே ஒரு காலத்தில் இருந்தது. புட்டி-பிளாட் என்ற பழைய ஆபரேஷனில் முன்பக்கத் தசையையும் உறையையும் மடித்து இறுக்கித் தைத்து, கை வெளிப்பக்கம் திரும்புவதையே குறைத்துவிடுவார்கள். மூட்டு கழலாமல் நின்றது. ஆனால் அதிகமாக இறுக்கப்பட்டவர்களில் பலருக்கு வருடங்கள் கழித்து மூட்டுத் தேய்மானம் வந்தது. உருண்டை சரியாகச் சுழல முடியாமல் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டதே காரணம். இப்போது அந்த முறை கிட்டத்தட்ட கைவிடப்பட்டுவிட்டது.

ஆக, மூட்டு கழலவும் கூடாது, இறுகவும் கூடாது. வாரம் வாரமாக அளந்து அளந்து அசைவைத் திறந்துவிடுவதுதான் பிசியோதெரபியின் வேலை.

வாரக் கணக்கு: எப்போ எவ்வளவு தூக்கலாம்?

கீழே உள்ளது முன்பக்கம் தைத்த பேங்கார்ட் ரிப்பேருக்குப் பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு. ஆபரேஷன் செய்த மருத்துவர் வேறு எண் சொன்னால் அவர் சொல்வதுதான் சரி. திசு எவ்வளவு தரமாக இருந்தது, எத்தனை ஆங்கர் போட்டார் என்பதெல்லாம் உள்ளே பார்த்த அவருக்கு மட்டுமே தெரியும்.

இரண்டு அசைவுகளைப் புரிந்துகொண்டால் போதும். ஒன்று, கையை முன்பக்கமாக மேலே தூக்குவது. தரைக்கு இணையாக நீட்டினால் 90 டிகிரி, காதை ஒட்டி முழுக்கத் தூக்கினால் 180 டிகிரி. இன்னொன்று வெளிச்சுழற்சி. முழங்கையை விலாவில் ஒட்டி, மடக்கி, முன்கையை நேராக முன்னால் நீட்டினால் அது பூஜ்ஜியம். அங்கிருந்து கதவைத் திறப்பது போல வெளிப்பக்கம் திருப்புவது வெளிச்சுழற்சி. முன்பக்கத் தையலை நேரடியாக இழுப்பது இந்த இரண்டாவது அசைவுதான். எனவே கட்டுப்பாடும் அதற்குத்தான் அதிகம்.

*முதல் 4 வாரங்கள்: பாதுகாப்பு*

ஸ்லிங் கட்டாயம், தூங்கும்போதும்கூட. சில மருத்துவர்கள் 3 வாரம் என்பார்கள், சிலர் 6 வாரம் என்பார்கள். ஆனால் விரல், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே எடை இல்லாமல் மடக்கி நீட்ட வேண்டும். இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் மெதுவாகச் சேர்த்து விடும் பயிற்சியும் பொதுவாக உடனே தொடங்கும்.

மூன்றாவது வார வாக்கில், தானாகத் தூக்காமல் பிசியோ தாங்கிப் பிடித்துத் தூக்கிவிடும்போது சுமார் 90 டிகிரி வரை வந்தால் போதும். வெளிச்சுழற்சி 10 முதல் 30 டிகிரி. இதற்கு மேல் வந்தால் பெருமைப்பட வேண்டியதில்லை. மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

*4 முதல் 6 வாரம் வரை: துணையோடு அசைவு*

ஸ்லிங் படிப்படியாகக் கழலும். நல்ல கை உதவியோடு செய்யும் பயிற்சிகள் வரும். இதற்குக் கடையில் கருவி வாங்க வேண்டாம். மாப் குச்சி அல்லது நீளமான குடையை இரண்டு கைகளாலும் பிடித்து, நல்ல கை தள்ள, ஆபரேஷன் ஆன கை கூடவே போகும். மேஜை மேல் துண்டை விரித்து, அதன் மேல் கையை வைத்து முன்னால் நகர்த்தலாம். சுவரில் விரல்களால் ஏறலாம்.

ஆறாவது வாரம் முடியும்போது துணையோடு தூக்குவது சுமார் 135 டிகிரி, வெளிச்சுழற்சி 35 முதல் 50 டிகிரி என்பது பொதுவான இலக்கு.

*6 முதல் 12 வாரம் வரை: சொந்தமாகத் தூக்கும் காலம்*

கை தன் சொந்த பலத்தில் மேலே போகக் கற்றுக்கொள்ளும் காலம் இது. ஒன்பதாவது வார வாக்கில் 145 டிகிரி வரை தானாகத் தூக்க முடிந்தால் சரியான பாதையில் போகிறது என்று அர்த்தம். வெளிச்சுழற்சி 50 முதல் 65 டிகிரி வரை வரும். 12 வாரம் முடியும்போது அன்றாட வேலைக்குத் தேவையான அசைவு ஏறக்குறைய முழுவதும் வந்திருக்க வேண்டும்.

கடைசியாக வருவது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவது. பின் பாக்கெட்டில் இருந்து பர்ஸ் எடுப்பது, உள்ளாடை கொக்கி மாட்டுவது, ஜடை பின்னுவது எல்லாம் தாமதமாகும். இதைப் பார்த்து 'ஆபரேஷன் ஃபெயிலாகிடுச்சோ' என்று பயப்பட வேண்டியதில்லை.

*3 மாதத்துக்குப் பிறகு: பலம்*

ரப்பர் பேண்ட், சின்ன டம்பெல், சுவரில் தள்ளுவது, பிறகு தரையில் தண்டால் என்று படிப்படியாக ஏறும். தசை பலம்தான் இனி மூட்டின் காவல்காரன். வீச்சு முழுதாக வந்துவிட்டது என்று இங்கே பயிற்சியை நிறுத்துவது, தளம் ஊற்றிவிட்டு கைப்பிடிச்சுவர் கட்டாமல் விடுவது மாதிரி.

முழுக்க முழுக்க பழைய அளவு வெளிச்சுழற்சி எல்லோருக்கும் திரும்புவதில்லை. உறையை இறுக்கித் தைத்ததால் சில டிகிரி குறைவது சகஜம். பெரும்பாலானோருக்கு அது அன்றாட வேலையில் தெரியவே தெரியாது. பந்து வீசுபவர்களுக்கும் எறிபவர்களுக்கும் மட்டும் அது உறுத்தலாம்.

கண்ணாடி முன்னால் பார்க்க வேண்டிய தப்பு

கையை முழுதாக 180 டிகிரி தூக்கும்போது, அதில் சுமார் 120 டிகிரி தோள் மூட்டிலிருந்தும் 60 டிகிரி தோள்பட்டை எலும்பு நகர்வதிலிருந்தும் வருகிறது. இரண்டும் சேர்ந்து தாளம் தப்பாமல் ஓட வேண்டும்.

மூட்டு இறுகியிருக்கும்போது உடம்பு ஒரு குறுக்குவழி எடுக்கும். கையைத் தூக்கச் சொன்னால் தோளையே காதுக்கு அருகே குலுக்கித் தூக்கும், அல்லது முதுகை வளைக்கும். 'இதோ தூக்கிட்டேனே' என்று தோன்றும், ஆனால் மூட்டு அசைந்தே இருக்காது. இது பழக்கமாகிவிட்டால் கழுத்து வலி வேறு சேர்ந்துகொள்ளும். பயிற்சியை கண்ணாடி முன் நின்று செய்வது நல்லது. தோள் காதை நோக்கி ஏற ஆரம்பிக்கும் இடத்தோடு நிறுத்த வேண்டும். 60 டிகிரி ஒழுங்காகத் தூக்குவது, 110 டிகிரி குலுக்கித் தூக்குவதைவிட மேல்.

வீட்டில்: சட்டை, குளியல், தூக்கம்

சட்டை: போடும்போது ஆபரேஷன் ஆன கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். முன்பக்கம் பட்டன் அல்லது ஜிப் உள்ள உடைதான் வசதி. தலை வழியாகப் போடும் டி-ஷர்ட் சில வாரங்களுக்கு வேண்டாம். ஒற்றைக் கையால் லுங்கி, புடவை கட்ட முடியாது. எலாஸ்டிக் வைத்த உடை கைகொடுக்கும்.

குளியல்: தையல் காயும் வரை நனைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். அக்குளைச் சுத்தம் செய்ய கையைத் தூக்க வேண்டாம். லேசாக முன்னால் குனிந்தால் கை தானாகத் தொங்கும், அந்த இடைவெளி போதும். நம்ம ஊர் வெயிலில் இதை விட்டுவிட்டால் புண் வந்துவிடும்.

தூக்கம்: முதல் வாரங்களில் மல்லாந்து படுப்பதைவிட சாய்ந்த நிலையில் தூங்குவது பலருக்கு எளிது. முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை வைத்தால் கை பின்னால் சரியாமல் இருக்கும்.

எழுந்திருப்பது: கட்டிலில் இருந்து எழும்போது ஆபரேஷன் ஆன கையை ஊன்றக் கூடாது. பாய் போட்டுத் தரையில் படுப்பவர்கள் சில வாரங்களுக்குக் கட்டிலுக்கு மாறுவது நல்லது. தரையிலிருந்து எழ எப்படியும் கை ஊன்ற வேண்டிவரும்.

பயணம்: பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க வேண்டிய நிலையில் ஏறாமல், சீட் கிடைத்தால் போவது நல்லது. நின்றால் இடுப்பு உயரத்தில் உள்ள சீட் கம்பியை நல்ல கையால் பிடிக்கலாம்.

எண்ணெய் தேய்த்து, இழுத்து விடலாமா?

கை சீக்கிரம் வரவில்லை என்றதும் 'ஒருத்தர் இருக்காரு, இழுத்து விட்டா சரியாகிடும்' என்று வீட்டுக்கு ஒருவராவது சொல்வார்கள். தைத்த மூட்டை பலவந்தமாக இழுப்பது ஆங்கரைப் பிடுங்கலாம், தையலைக் கிழிக்கலாம். தசை இறுக்கத்துக்கு மேலோட்டமான மசாஜ் வேண்டுமென்றால் கூட பிசியோவிடம் கேட்டுவிட்டுத்தான்.

இதேபோல, புதிதாக ஒருவருக்கு மைதானத்தில் தோள் கழன்றால் நண்பர்கள் சேர்ந்து இழுத்து மாட்டிவிடுவதும் ஆபத்து. தோளை ஒட்டிச் செல்லும் ஆக்ஸிலரி நரம்பு பாதிக்கப்படலாம், எலும்பு உடைந்திருந்தால் நிலைமை மோசமாகும். கையை அப்படியே துண்டால் கட்டித் தாங்கி மருத்துவமனைக்குப் போவதுதான் சரி.

யாருக்குக் கூடுதல் கவனம்?

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள் மூட்டு இறுகும் வாய்ப்பு அதிகம். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் பயிற்சியைத் தவறவிடாமல் இருப்பதும் இவர்களுக்கு இரட்டிப்பு முக்கியம்.

இயல்பிலேயே மூட்டுகள் தளர்வாக இருப்பவர்கள் உண்டு. கட்டைவிரலை மடக்கினால் முன்கையைத் தொடும், முழங்கை பின்னால் வளையும். இவர்களுக்கு அசைவு சீக்கிரம் வந்துவிடும், அதுதான் ஆபத்தும். வேகமாக வீச்சைக் கூட்டாமல் பலத்தில் கவனம் வைக்கச் சொல்வார்கள்.

வலிப்பு வருபவர்கள் மருந்தை நிறுத்தவே கூடாது. ஒரே ஒரு வலிப்பு ஆபரேஷன் முழுவதையும் வீணாக்கிவிடும். புகைப்பவர்களுக்குத் திசு ஆறுவது தாமதமாகும்.

வேலை, வண்டி, கபடி... எப்போ?

கம்ப்யூட்டர் வேலை என்றால் ஸ்லிங்கோடு, முழங்கையை உடம்போடு வைத்து, சில வாரங்களில் தொடங்கிவிடலாம். பைக் ஓட்ட ஸ்லிங் கழன்றால் மட்டும் போதாது. பள்ளத்தில் இறங்கும்போது ஹேண்டில்பாரின் அதிர்வைத் தாங்கவும், திடீரென்று பிரேக் பிடிக்கவும் கைக்கு பலம் வந்திருக்க வேண்டும். மருத்துவர் ஓகே சொன்ன பிறகே சாவியை எடுக்க வேண்டும்.

உண்மையான சிக்கல் உடலுழைப்பு வேலை செய்பவர்களுக்குத்தான். பெயிண்டர், கொத்தனார், லோடுமேன், தென்னை மரம் ஏறுபவர் என இவர்களின் வேலையே தலைக்கு மேலே கை தூக்குவதும் எடை தூக்குவதும்தான். பொதுவாக 4 முதல் 6 மாதம் வரை அந்த வேலைக்குத் திரும்ப முடியாது. தினக்கூலி வீட்டில் ஆறு மாதம் என்பது சின்ன விஷயம் இல்லை. வலி போனதும் இரண்டாவது மாதமே சாரம் ஏறிவிடுபவர்கள் இருப்பது அதனால்தான்.

ஆகவே இந்தக் கணக்கை ஆபரேஷனுக்கு முன்பே போட வேண்டும். எத்தனை மாதம் வருமானம் இருக்காது, அதுவரை கீழே நின்று செய்யும் இலகுவான வேலை கிடைக்குமா என்று மேஸ்திரியிடமும் முதலாளியிடமும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. தினமும் தனியார் பிசியோவுக்குச் செலவு செய்ய முடியாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள பிசியோதெரபி பிரிவை நாடலாம். அங்கே பயிற்சியைச் சரியாகக் கற்றுக்கொண்டு, மற்ற நாட்களில் வீட்டில் செய்யலாம்.

கபடி போன்ற மோதல் விளையாட்டுகளுக்குக் குறைந்தது ஆறு மாதம் என்பது பரவலான அளவுகோல். மாதக் கணக்கு மட்டும் போதாது. வலி இல்லாத முழு வீச்சு, மற்ற கையோடு ஒப்பிட்டால் 90 சதவீத பலம், கை ஊன்றி விழும் பயிற்சியில் தடுமாற்றம் இல்லாமை என எல்லாம் சேர்ந்தால்தான் பச்சைக்கொடி.

ஷ்ரேயஸ் ஐயர் எத்தனை நாள் எடுத்தார்?

2021 மார்ச் 23, புனே. இங்கிலாந்துக்கு எதிரான முதல் ஒருநாள் போட்டியில் பந்தைத் தடுக்கப் பாய்ந்தபோது ஷ்ரேயஸ் ஐயரின் இடது தோள் விலகியது. ஏப்ரல் 8-ம் தேதி அறுவை சிகிச்சை. ஐபிஎல் முதல் பாதியில் அவர் இல்லை.

அவர் மறுபடி களத்தில் இறங்கியது செப்டம்பர் 22-ம் தேதி, துபாயில் ஹைதராபாத்துக்கு எதிராக. அன்று 47 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். நவம்பரில் கான்பூரில் நியூசிலாந்துக்கு எதிராக டெஸ்ட் அறிமுகம், முதல் இன்னிங்ஸிலேயே 105.

ஆபரேஷனுக்கும் முதல் ஆட்டத்துக்கும் நடுவில் 167 நாள். சம்பளத்துக்கு பிசியோவும், ஜிம்மும், தினமும் கூடவே ஆளும் கிடைக்கும் ஒரு சர்வதேச வீரருக்கே ஐந்தரை மாதம் ஆகியிருக்கிறது. திசு ஆறும் வேகத்தைப் பணம் கொடுத்துக் கூட்ட முடியாது. இரண்டே மாதத்தில் கபடிக் களத்தில் இறங்கத் துடிக்கும் தம்பிகள் இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

கை வந்துவிட்டது, பயம் போகவில்லை என்றால்?

இதுவும் சகஜம். பலமுறை கழன்ற தோளை மூளை சுலபத்தில் நம்பாது. வீச்சும் பலமும் முழுசாக வந்த பிறகும், கையை மேலே தூக்கி வெளிப்பக்கம் திருப்பும்போது 'இறங்கிடுமோ' என்ற பதற்றம் இருக்கும். நல்ல உடல்தகுதி இருந்தும் பலர் பழைய விளையாட்டுக்குத் திரும்பாமல் போவதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

இதை வீரம் பேசி மறைக்காமல் பிசியோவிடம் சொல்ல வேண்டும். பந்தை மெதுவாக எறிவது, பிறகு தூரமாக எறிவது, மெத்தையில் விழுவது, பிறகு மைதானத்தில் விழுவது என்று பயத்துக்கும் படிப்படியான பயிற்சி உண்டு.

உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டியது எப்போது?

- காய்ச்சல், தையலில் சீழ், நாளுக்கு நாள் கூடும் சிவப்பு
- தோளின் வெளிப்பக்கத்தில் மரத்துப்போனது சரியாகாமல் இருப்பது, விரல்கள் நீலமாக அல்லது சில்லென்று ஆவது
- 'டக்' என்று சத்தத்தோடு மூட்டு நகர்ந்த உணர்வு, அல்லது தோளின் வடிவமே மாறித் தெரிவது
- குறைந்துவந்த வலி திடீரென்று கூடுவது
- விழுந்துவிட்டால், வலி இல்லாவிட்டாலும்
- இரண்டு மூன்று வாரமாகப் பயிற்சி செய்தும் அசைவு ஒரே இடத்தில் நிற்பது

டிஸ்சார்ஜ் ஆகும்போது கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. எனக்கு நடந்தது எந்த ஆபரேஷன்? முன்பக்கமா, பின்பக்கமா?
2. ஸ்லிங் எத்தனை வாரம்? தூங்கும்போதும் போட வேண்டுமா?
3. வெளிப்பக்கம் எத்தனை டிகிரி வரை திருப்பலாம், எந்த வாரம் வரை?
4. பிசியோ எந்தத் தேதியில் தொடங்க வேண்டும்?
5. என் வேலைக்கு, என் வண்டிக்கு, என் விளையாட்டுக்கு எத்தனை மாதம்?

பதில்களை டிஸ்சார்ஜ் பேப்பரிலேயே எழுதி வாங்கிக்கொண்டு, அதை பிசியோவிடம் காட்ட வேண்டும். ஆறாவது வாரம் வலி இல்லாமல், கை லேசாக இருக்கும்போது, பஸ் கம்பி கண்ணுக்குத் தெரியும்போது, அந்தப் பேப்பரை இன்னொரு முறை எடுத்துப் பார்ப்பது நல்லது.